சங்கிலிக்கத்திக்கு எந்தப் பகடை கொடுப்பது?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் ஆட்டத்தை 5ஆம் பதிப்பு, 2014 விதிகளின்படி நடத்துகிறேன். 5ஆம் லெவல் ரோக் (பதுங்கித் தாக்கும் கதாபாத்திர வகுப்பு) ஆடும் நண்பர், புத்தகத்தில் இல்லாத ஒரு சங்கிலிக்கத்தியைக் கேட்கிறார். ஒரு கையால் பிடிப்பது, ஃபைனஸ் (பலத்துக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டி என்ற லாவகத்தால் அடிக்கலாம்), 10 அடி ரீச் (எட்டும் தூரம்), 1டி10 (பத்து முகப் பகடை ஒன்று) டேமேஜ். தாக்குதலுக்கு உருட்டும் இருபது முகப் பகடையில் 19 அல்லது 20 விழுந்தால் கிரிட்டிக்கல் (டேமேஜ் பகடைகள் இரட்டிப்பாகும்). கிரிட்டிக்கல் ஆனால் எதிரிக்குச் சுற்றுதோறும் ரத்தப்போக்கு. அப்படியே கொடுக்கலாமா? இல்லையென்றால் எதைக் குறைப்பது?

பதில்: அப்படியே கொடுக்க வேண்டாம். ஆனால் இதைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் கைவைக்கும் 1டி10தான் இந்தப் பட்டியலிலேயே சாதுவான அம்சம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5ஆம் லெவல் ரோக்கின் டெக்ஸ்டெரிட்டி +4 என்றால் தாக்குதலுக்கு மொத்தம் +7. எதிரியின் ஏசி (அடி படத் தொட வேண்டிய எண்) 15 என்றால் 8 விழுந்தாலே அடி படும். அதாவது 65 சதவீதம். ஸ்னீக் அட்டாக் (சாதகமான நிலையில் அடித்தால் ரோக்குக்குக் கிடைக்கும் கூடுதல் டேமேஜ்) 3டி6, சராசரி 10.5. ரேப்பியரால் (1டி8) அடித்தால் கிரிட்டிக்கலையும் சேர்த்து ஒரு தாக்குதலுக்குச் சராசரியாக 13.1 டேமேஜ். 1டி10 என்றால் 13.8. 1டி6 என்றால் 12.4. பகடை மாறுவதால் வரும் வித்தியாசம் ஒன்றரைகூட இல்லை. ரோக்கின் பலம் ஆயுதப் பகடையில் இல்லை, ஸ்னீக் அட்டாக்கில் இருக்கிறது. அதனால் எந்த ஆயுதத்தையும் அதைப் பிடிக்கும் கையோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ரீச். 5 அடிக் கட்டங்களில், சாதாரண ஆயுதம் உங்களைச் சுற்றி 8 கட்டங்களை எட்டும். 10 அடி ரீச் 24 கட்டங்களை எட்டும். ரோக் 10 அடி தள்ளி நின்று அடித்துவிட்டு நடந்தே விலகலாம். 5 அடி மட்டுமே எட்டும் எதிரியால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவரை அடிக்கும் இடைத்தாக்குதல்) செய்ய முடியாது. டிஸ்எங்கேஜுக்கு (அந்த அடி படாமல் விலகும் செயல்) செலவாகியிருக்க வேண்டிய போனஸ் ஆக்ஷன் (சுற்றில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) மிச்சமாகி, ஒளிந்துகொள்ளப் போகும். ஒளிந்தால் அடுத்த சுற்றில் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது). பகடையைக் குறைப்பதால் இதில் எதுவும் மாறாது.

புத்தகம் ரீச்சுக்கு என்ன விலை வைக்கிறது என்று பாருங்கள். கிரேட்ஆக்ஸ் 1டி12, ரீச் உள்ள கிளேவ் 1டி10. ஒரு படி இறக்கம். ஃபைனஸ் உள்ள ரேப்பியர் 1டி8. ஃபைனஸும் ரீச்சும் உள்ள விப் (சாட்டை) 1டி4. இரண்டு படி. விப் கொஞ்சம் அதிகமாகவே தண்டிக்கப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். எனவே சங்கிலிக்கத்திக்கு 1டி6 கொடுங்கள். கூடவே 2014 லான்ஸில் (குதிரைவீரரின் ஈட்டி) இருக்கும் குறையையும் சேருங்கள்: 5 அடிக்குள் இருக்கும் எதிரியை அடித்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது). டிஸ்அட்வான்டேஜ் இருந்தால் ஸ்னீக் அட்டாக் கிடையாது என்பதால், ரோக்குக்கு இது நிஜமாகவே வலிக்கும். எதிரி நெருங்கிவிட்டால் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு டேகரை (குத்துவாள்) உருவ வேண்டியதுதான். லைட் என்ற பண்பை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். இரு கையிலும் ஒன்றாகப் பிடித்து இரண்டு முறை அடிப்பார்.

19–20 கிரிட்டிக்கலை வெட்டிவிடுங்கள். சாம்பியன் (ஃபைட்டர் என்ற போர்வீரர் வகுப்பின் ஒரு பிரிவு) 3ஆம் லெவலில் பெறும் வகுப்புத் திறன் அது. லாங்ஸ்வோர்டு பிடித்த ஃபைட்டருக்கு ஒரு தாக்குதலுக்கு 0.225தான் கூடும், அற்பம். உங்கள் ரோக்குக்கோ ஸ்னீக் அட்டாக் பகடைகளும் இரட்டிப்பாவதால் 0.7, அட்வான்டேஜ் இருந்தால் 1.3. லெவல் ஏற ஏற இதுவும் ஏறும். நாளைக்கு இதே ஆயுதம் பாலடினின் (புனித வீரர் வகுப்பு) கைக்குப் போனால், கிரிட்டிக்கல் விழுந்ததைப் பார்த்த பிறகு ஸ்மைட் (மந்திர சக்தியைச் செலவழித்துச் சேர்க்கும் கூடுதல் டேமேஜ்) போடலாம் என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

ரத்தப்போக்கில் சமநிலைச் சிக்கலைவிடக் கணக்குப்பிள்ளை வேலைதான் அதிகம். எந்த கோப்ளினுக்கு எத்தனை சுற்று பாக்கி என்று நீங்கள்தான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது சண்டையில் எல்லோரும் மறந்துவிடுவீர்கள்.

அதற்குப் பதிலாகச் சங்கிலிக்கே உரிய ஒரு வேலையைக் கொடுங்கள். முதலில் தோன்றுவது காலை வாரிவிடுவது. அதில் ஒரு பொறி இருக்கிறது: விழுந்து கிடப்பவரை 5 அடிக்குள் நின்று அடித்தால் அட்வான்டேஜ், அதற்கு அப்பாலிருந்து அடித்தால் டிஸ்அட்வான்டேஜ். 10 அடியில் நிற்கும் ரோக், தானே வீழ்த்திய எதிரி எழும்வரை அவனிடம் தன் ஸ்னீக் அட்டாக்கை இழப்பார். குழுவில் பேட்டில் மாஸ்டர் (இன்னொரு ஃபைட்டர் பிரிவு) இருந்தால் அவருடைய ட்ரிப் அட்டாக்கையும் (எதிரியைக் கீழே வீழ்த்தும் திறன்) பிடுங்கியதாகிவிடும். இழுப்பது நல்லது. கார்டில் இப்படி எழுதுங்கள் (மார்ஷியல் என்றால் போர்ப் பயிற்சி தேவைப்படும் ஆயுதம்; சேவிங் த்ரோ என்றால் தப்பிக்க உருட்டும் பகடை; டிசி அதில் தொட வேண்டிய எண்):

"சங்கிலிக்கத்தி. மார்ஷியல் ஆயுதம், 1டி6 ஸ்லாஷிங், ஃபைனஸ், ரீச். 5 அடிக்குள் இருக்கும் இலக்கைத் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ். அடி பட்டதும், லார்ஜ் அளவு அல்லது அதற்குச் சிறிய இலக்கு டிசி 13 ஸ்ட்ரெங்த் சேவிங் த்ரோவில் தோற்றால், அதை உங்கள் பக்கம் 5 அடி இழுக்கலாம். இழுப்பு நாளுக்கு 3 முறை. விடியும்போது திரும்பக் கிடைக்கும்."

மந்திரவாதியின் மேல் பாயும் எதிரியை இழுத்தால் அவன் ரோக்கின் பக்கத்திலேயே வந்து நிற்பான், அங்கே இந்த ஆயுதம் சரியாக உதவாது. ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் இழுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: 2014 விதிகளில் ரோக்குக்கு விப் போன்ற மார்ஷியல் ஆயுதங்களில் பயிற்சி கிடையாது. பயிற்சியைச் சும்மா தருகிறீர்களா, ஆட்டத்தின் ஓய்வு நாட்களில் கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்களா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2024 விதிகளுக்கு மாறினால் இந்தப் பிரச்சினை இல்லை. ஃபைனஸ் உள்ள மார்ஷியல் ஆயுதங்கள் ரோக்குக்கு வரும். அப்போது மாஸ்டரி (ஆயுதத்துக்கே உரிய சிறப்புத் திறன்) பண்பும் ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும். விப்பைப் போல ஸ்லோ (எதிரியின் வேகத்தைக் குறைப்பது) கொடுங்கள். வெக்ஸ் வேண்டாம், அடி பட்டாலே அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ் வரும், அதோடு ஸ்னீக் அட்டாக்கும் வரும்.