வாசகர் கேள்விகள்: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே

கேள்வி: 1919-இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே இரண்டாம் உலகப் போர் முடிவாகிவிட்டது என்கிறார்களே, சரியா?

பதில்: எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மேல் சுமத்திய அந்த ஒப்பந்தம் கடுமையானதுதான். பிரிட்டிஷ் நிதித்துறை சார்பில் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குப் போயிருந்த பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், இவ்வளவு போர் இழப்பீட்டை ஜெர்மனியால் கட்டவே முடியாது, வற்புறுத்தினால் ஐரோப்பாவே சேர்ந்து சீரழியும் என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜூன் மாதமே பதவியை உதறிவிட்டு வந்து, வருஷம் முடிவதற்குள் அதைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார். 1921-இல் விதித்த தொகை 13,200 கோடி தங்க மார்க்.

சரி, அதோடு கதை முடிந்துவிட்டதா? 1923-இலிருந்து 1929-இல் சாகும் வரை ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஸ்ட்ரெசமானும் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் பிரியாண்டும் பேசிப் பேசியே 1925-இல், மேற்கு எல்லைகளை மதிப்போம் என்ற லொக்கார்னோ உடன்படிக்கைக்கு வந்தார்கள், அடுத்த வருஷமே, நாடுகளின் சண்டையைப் பேசித் தீர்க்க அமைத்த பன்னாட்டுச் சங்கத்தில் ஜெர்மனி சேர்ந்தது. இழப்பீட்டையும் 1932 ஜூலையில் லோசான் மாநாட்டில் கிட்டத்தட்ட கைகழுவிவிட்டார்கள். ஹிட்லர் பதவிக்கு வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. இடையில் 1929-இன் பொருளாதார வீழ்ச்சி வந்து சுமார் 60 லட்சம் ஜெர்மானியர்களை வேலையில்லாமல் தெருவில் நிறுத்தியிருந்தது, வெர்சாயைவிட இதுதான் ஹிட்லருக்கு ஓட்டு சேர்த்தது.

அந்த ஓட்டும் ஏறிக்கொண்டே போகவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி சுமார் 20 லட்சம் ஓட்டுகளை இழந்து 230 இடத்திலிருந்து 196-க்கு இறங்கியது. அந்த நேரத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் முன்னாள் சான்சலர் (அரசாங்கத் தலைவர்) பாப்பன். தன் பதவியைப் பறித்து அதில் உட்கார்ந்த ஷ்லைஷர் மேல் இருந்த ஆத்திரத்தில், 85 வயது ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் மனத்தைக் கரைத்து ஹிட்லரைச் சான்சலராக்கினார், தான் துணைச் சான்சலர். அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் 3 பேர்தானே, ஆட்டிவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். இதை விதி என்று சொன்னால் பாப்பன் மாதிரி ஆட்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

கேள்வி: எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியை ஜெனீவாவில் பேசவிடாமல் அவமானப்படுத்தினார்களாமே?

பதில்: ஆமாம், 1936 ஜூன் 30. நாட்டை இத்தாலி பிடித்துவிட்டதால் வெளியேறி வந்திருந்தவர், பன்னாட்டுச் சங்கத்தில் நேராகத் தானே பேச எழுந்தார். மேல்மாடத்தில் இருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசில் ஊதிக் கூச்சல் போட்டார்கள். அவர் பதில் பேசாமல் அசையாமல் நின்றார். ரொமானியப் பிரதிநிதி டிட்டுலெஸ்குதான் பொறுக்கமாட்டாமல், இந்தக் காட்டுமிராண்டிகளை வெளியே தள்ளுங்கள் என்று கத்தினார். அவர்களை அப்புறப்படுத்திய பிறகு பேரரசர் அம்ஹாரிக் மொழியில் பேசினார். விமானங்களிலிருந்து விஷ வாயுவை மழைபோலத் தெளித்ததையும், மனிதர்களும் கால்நடைகளும் நீர்நிலைகளும் மேய்ச்சல் நிலமும் அதில் நனைந்ததையும் சொன்னார்.

ஆனால் விசிலைவிடப் பெரிய அவமானம் முன்னும் பின்னும் நடந்தது. இத்தாலிக்குப் பொருளாதாரத் தடை போட்டவர்கள் எண்ணெயைத் தொடவே இல்லை, இத்தாலியப் படைக் கப்பல்கள் போன சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. 1935 டிசம்பரில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரான்சின் பிரதமர் லவாலும் எத்தியோப்பியாவில் பெரும்பகுதியை இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினிக்கே தாரைவார்க்க ரகசியமாகத் திட்டம் போட்டு, அது பத்திரிகையில் கசிந்து, ஹோர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. பேரரசர் பேசிய அடுத்த மாதமே தடையையும் விலக்கிவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: அந்தக் காலத்துச் சிந்தனையாளர்களில் ஒருவரைத்தான் சொல்லலாம் என்றால்?

பதில்: இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்சி. 1926 நவம்பரில் முசோலினியின் போலீஸ் பிடித்துச் சிறையில் போட்டபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். உடம்பு ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டிருக்க, முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். ஆள்பவர்கள் அடித்து மட்டும் ஆள்வதில்லை, மக்களின் சம்மதத்தையும் எப்படியோ வாங்கிக்கொள்கிறார்களே, அது எப்படி? அவர் திரும்பத் திரும்பத் தோண்டிய கேள்வி இதுதான்.

கேள்வி: நல்லது செய்த தலைவர் ஒருவர்கூடவா இல்லை?

பதில்: ஏன் இல்லை, நார்வேயின் நான்சென் இருக்கிறாரே! கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் கடந்து பெயர் வாங்கியவர், ஐம்பத்தெட்டு வயதில் பன்னாட்டுச் சங்கத்துக்காகப் போர்க் கைதிகளை ஊர் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டு 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அப்புறம் ரஷ்ய அகதிகள். சோவியத் அரசு குடியுரிமையைப் பறித்துவிட்டதால் எந்த நாட்டு எல்லையிலும் காட்ட ஒரு காகிதம் இல்லாமல் லட்சக்கணக்கானோர் தவித்தார்கள். அவர்களுக்காக 1922-இல் அவர் ஏற்பாடு செய்ததுதான் நான்சென் பாஸ்போர்ட். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அதை வைத்திருந்தவர்கள்தான்.