காகித விண்கலம்: சாரல் சீமையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

போன மாதம் செங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் இருந்த விண்கலத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது கற்பனைக் கலம். நடுவில் முதுகெலும்பு போல நீண்ட குழாய், அதைச் சுற்றி வண்டிச் சக்கரம் மாதிரி வளையம், பின்பக்கம் இரண்டு உருண்டைத் தொட்டிகள், நான்கு கூம்புகள். கூம்புகளைத் தவிர எல்லாமே 14 ஏ4 தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்து ஒட்டியவை.

மாமா, எனக்கும் செய்ய ஆசை. என்னென்ன வாங்கணும்? (எட்டாம் வகுப்பு மாணவி, புளியரை)

வாங்க வேண்டியது கொஞ்சம்தான் பாப்பா. ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். கலத்தின் உடம்புக்கு அது தாங்காது. 160 முதல் 180 ஜிஎஸ்எம் அட்டைத் தாள் கேள். சின்ன உறுப்புகளுக்கு 120 போதும். உள்ளே எலும்பாக நிற்கும் வட்டுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையும் பழைய தினக்காலண்டர் அட்டையும் வீட்டிலேயே கிடக்கும். ஆன்டெனாவுக்குத் தென்னை ஈர்க்கு. கத்தரிக்கோல், கட்டர், இரும்பு ஸ்கேல், ஃபெவிகால், பல்குத்தும் குச்சி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. அந்தப் பேனாதான் முக்கியம்: மடிக்க வேண்டிய கோட்டில் ஸ்கேல் வைத்து ஒருமுறை அழுத்தி இழுத்தால் மடிப்பு கத்தி போல விழும். கட்டர் பிடிக்கும்போது மட்டும் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு கூம்பு செய்து பார். முழுக் கலம் அப்புறம்.

குழாய் சரியாக வந்தது. உள்ளே வைக்கிற வட்டு மட்டும் நுழையவே இல்லை. வெட்டினதில் பிழையா? (கடையநல்லூர்)

வெட்டில் பிழை இருக்காது, அச்சில் இருக்கும். எனக்கும் இது நடந்தது. கடையில் பாதித் தாள்களை ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவை 97 சதவீதமாகச் சுருங்கிவிட்டன. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 40 மி.மீ. விட்டக் குழாய்க்குச் சுற்றளவு 125.7 மி.மீ.; அதில் 3 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 4 மி.மீ. குறைகிறது. எங்கே நுழையும்? அச்சடிக்கும்போது 100 சதவீதம் என்று சொல்லுங்கள். முதல் தாள் வந்ததும் அதிலுள்ள அளவுக்கோட்டை ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே மற்றதை அடிக்கச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி, ஒட்டி வைத்த இறக்கை மறுநாள் அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது. ஆடி மாசம் முழுக்க இப்படித்தான். (பண்பொழி)

நம்ம பக்கத்து வேலைக்கு இதுதான் பெரிய சோதனை. கணவாய் வழியாகச் சாரல் காற்று வரத் தொடங்கினால் வீட்டிலிருக்கும் உப்பே கசிகிறது, காகிதம் சும்மா இருக்குமா?

காகிதத்துக்கு மரத்தைப் போல ஓட்டம் உண்டு. நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, அகலத்தில் பருக்கும். அதனால்தான் தாள் ஒரு பக்கமாகவே வளைகிறது. தாளை இரண்டு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாகச் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் நீளவாட்டம்தான் நாரின் திசை. குழாய் செய்யும்போது நார் குழாயின் நீளத்தோடு ஓட வேண்டும். இறக்கைக்கு இரண்டு தாள் ஒட்டினால் இரண்டிலும் நார் ஒரே திசையில் இருக்கட்டும். உள்ளே காலண்டர் அட்டை வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு ராத்திரி விடுங்கள்.

பசையிலும் தண்ணீர்தான் இருக்கிறது. ஃபெவிகாலைத் துண்டுத் தாளில் கொஞ்சம் விட்டு, குச்சி நுனியால் தொட்டு, ஒட்டுக்காதில் (ஒட்டுவதற்காக ஓரத்தில் விடுகிற பட்டையில்) மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். விரலால் பூசவே பூசாதீர்கள். தாள் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடி, செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். இங்க்ஜெட் அச்சு ஈரத்தில் கசியும். அதற்கு வெட்டும் முன்பே நிறமில்லா அக்ரிலிக் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய பூச்சு. அதையும் வெயில் அடிக்கிற நாளில், வெளியில் வைத்து அடியுங்கள். சாரல் நாளில் அடித்தால் பூச்சு வெள்ளை பூத்துவிடும்.

தொட்டி உருண்டையாக வரவில்லை. எப்படி ஒட்டினாலும் சுருக்கம். (கல்லூரி மாணவர், தென்காசி)

தம்பி, காகிதம் ஒரே நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். குழாய், கூம்பு இரண்டும் அதற்குச் சம்மதம். உருண்டை இரண்டு திசையிலும் வளைந்தது. இழுக்காமல், கசக்காமல் அதைத் தட்டையாக்க முடியாது. 1827-இல் காஸ் என்ற கணித மேதை நிறுவிய தேற்றத்திலிருந்து வருகிற உண்மை இது. உலக வரைபடம் எதுவும் எல்லா அளவையும் சரியாகக் காட்டாததற்கும் காரணம் அதுதான்.

ஆகவே ஆரஞ்சுச் சுளை மாதிரி இதழ்களாகப் பிரிக்கிறோம். 40 மி.மீ. உருண்டைக்கு 12 இதழ் என்றால் ஒவ்வொன்றும் 62.8 மி.மீ. நீளம், நடுவில் 10.5 மி.மீ. அகலம். ஒட்டுமுன் ஒவ்வோர் இதழையும் உள்ளங்கையில் வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து வளைத்துவிடு. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அட்டை வட்டுகளைப் பிளந்து செருகி வை. அந்த எலும்பு இல்லாமல் எந்தத் தொட்டியும் உருண்டையாக நிற்காது. அவசரப்பட்டு எலும்பை விட்டுவிடுவதுதான் நான் பார்க்கிற பெரும்பாலான கலங்களின் குறை.

அந்த வளையம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அழகுக்கா? (தமிழ் டீச்சர், ஆரியங்காவு)

அழகுக்கு மட்டும் இல்லை டீச்சர். வளையம் சுழன்றால் உள்ளிருப்பவர்கள் வெளிச்சுவரில் அழுத்தப்படுவார்கள். அதுவே அவர்களுக்குத் தரை. வாளியில் தண்ணீர் ஊற்றித் தலைக்கு மேலே சுற்றினால் சிந்தாதே, அதே சங்கதி. ஆரம் 224 மீட்டர், நிமிடத்துக்கு 2 சுற்று என்றால் பூமியில் நிற்கிற எடை கிடைக்கும். அதை இரண்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் ஆரம் 112 மி.மீ. நான் செய்த வளையம் அந்தக் கணக்குதான். 24 துண்டாக ஒட்டினேன். ஒரே துண்டாக ஏ4 தாளில் அடங்காது. அந்த அளவில் 1.7 மீட்டர் மனிதர் 0.85 மி.மீ. உயரம்தான் இருப்பார். பிள்ளைகளை ஒரு பென்சில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், அதுதான் ஆள். கலம் எவ்வளவு பெரியது என்று அப்போது தெரியும்.

வெட்டின ஓரமெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது. (அச்சன்புதூர்)

ஒட்டுமுன் ஓரத்தில் அதே நிற ஸ்கெட்ச் பேனாவைப் படுக்க வைத்து ஓட்டுங்கள்.

சொந்தமாகக் கலம் வடிவமைக்க முடியுமா? (புனலூர்)

முடியும். கணினி இருந்தால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவம் செய்து, அதற்கான காகித மாதிரி இணைப்பால் தட்டையான தாளாக விரிக்கலாம். ஜப்பானில் உருவான பெப்பகுரா என்ற மென்பொருளும் இந்த விரிக்கும் வேலையைச் செய்யும். இல்லாவிட்டால் காம்பஸ் போதும். கூம்புக்கு அடி ஆரத்தைச் சாய்வு நீளத்தால் வகுத்து 360-ஆல் பெருக்குங்கள். அடி ஆரம் 20, சாய்வு 60 என்றால் 120 பாகை, 60 மி.மீ. ஆர வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒட்டுக்காதுக்கு 4 மி.மீ. சேர்த்து வெட்டுங்கள். நான்கு கூம்பும் நான் இப்படிக் கையால் வரைந்தவையே.

மைதாப் பசை போதாதா? (வடகரை)

போஸ்டருக்குப் போதும். கலத்துக்கு வேண்டாம். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் மாவைத் தேடி வரும். என் முதல் கலத்தின் மூக்கை அவை தின்றுவிட்டன. இப்போது இருப்பது கண்ணாடிப் பெட்டிக்குள், ஜன்னல் வெயில் படாத அலமாரியில் நிற்கிறது.