அந்த ஓட்டை யார் திருப்பித் தருவார்கள்?

அன்புள்ள ஐயா,

ஹூஸ்டனில் இருக்கிறேன். சென்ற ஆண்டு குடியுரிமை கிடைத்தது. வரும் நவம்பரில் முதல் ஓட்டு. தேர்தல் விதிகளை வகுப்பது வாஷிங்டனா, அந்தந்த மாநிலமா என்று அலுவலகத்தில் தினமும் சண்டை. மாநில சுயாட்சிக்காக எழுதும் நீங்கள் மாநிலங்கள் பக்கம்தானே? தபால் ஓட்டை நம்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் ஓட்டுக்கு மனமார்ந்த வாழ்த்து. சில வாரங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தபால் ஓட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓரிகன் மாநிலம் பல ஆண்டுகளாக அப்படித்தான் தேர்தல் நடத்துகிறது.

ஆனால் 'மாநிலங்கள் பக்கம்தானே' என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள்! 1965-க்கு முன் மிசிசிப்பியில், ஓட்டுப் போடும் வயதுள்ள கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அவர்களை வெளியே நிறுத்தியவர்களும் மாநில உரிமைதான் பேசினார்கள். நான் சுயாட்சி கேட்பது மக்களுக்காக, அவர்களில் பாதிப் பேரைத் துரத்தும் அரசுக்காக அல்ல. 1965-ல் மத்திய அரசின் வாக்குரிமைச் சட்டம் வந்த இரண்டே ஆண்டில் அங்கே பாதிக்கு மேல் பட்டியலில் ஏறிவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் உயிர் ஓர் ஏற்பாட்டில் இருந்தது. பாகுபாடு காட்டிய வரலாறுள்ள இடங்கள், தேர்தல் விதி எதையும் மாற்றும் முன்பே மத்திய அரசின் நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். கெடுதல் இல்லை என்று மாநிலம்தான் நிரூபிக்க வேண்டும். 2013-ல் ஷெல்பி கவுன்டி வழக்கில், எந்தெந்த இடங்கள் என்று குறித்த பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஏற்பாடு செத்துப்போனது. அன்றைக்கே உங்கள் டெக்சாஸ், முடங்கிக் கிடந்த, ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்கும் சட்டத்தை அமலாக்கப் போவதாக அறிவித்தது. இரண்டே மாதத்தில் வட கரோலினா மாநிலம் ஒரு தேர்தல் சட்டம் போட்டது. அது கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது 2016 ஆகிவிட்டது. நடுவில் 2014 தேர்தல் முடிந்துபோனது. அன்று ஓட்டை இழந்தவருக்கு இந்தத் தீர்ப்பால் என்ன பயன்? வழக்கில் பிறகு ஜெயிக்கலாம், நடந்த தேர்தலை மறுபடி நடத்த முடியாது. 'பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போகட்டுமே' என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள். காவல், கெடுதல் நடக்கும் முன்பே நிற்க வேண்டும்.

அதற்காக எல்லாம் அதிபர் கைக்குப் போகட்டும் என்று நான் சொன்னதாகப் படிக்காதீர்கள். 2025 மார்ச்சில் ட்ரம்ப், வாக்காளராகப் பதியக் குடியுரிமைச் சான்று கேட்டு ஆணை போட்டதையும் எதிர்க்கிறேன். மாநில விதிகளை மாற்றும் அதிகாரத்தை அரசியல் சாசனம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான் தந்திருக்கிறது.

சரி, உங்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டீர்களா? டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே கெடு முடிந்துவிடும். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அதைப் பாருங்கள்.