கணவாய் பிடிக்க எப்படிப்பட்ட தூண்டில் கோல் வாங்க வேண்டும்?

மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் ‘மாகூல்’ என்று விற்கிறார்களே, அந்தக் கணவாயைத் தூண்டிலில் பிடிக்க உதவும் போலி இறால்தான் ஜிக். அதன் வாலில் பூப்போல விரிந்த கொக்கிகள் இருக்கும். ஆனால் நழுவாமல் தடுக்கும் எதிர்முள் இருக்காது.

கோலைத் தேர்ந்தெடுக்கும் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கணவாய் ஜிக்கைக் கைகளால் அணைத்துப் பிடிக்கும்போது கொக்கி அந்த மெல்லிய சதையில்தான் மாட்டுகிறது. கோல் விறைப்பாக இருந்தால் சதை பிய்ந்து கணவாய் போய்விடும். சூடான இட்லியைத் தட்டிலிருந்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், புரியும். கோல் தொளதொளவென்று இருந்தாலோ ஜிக்கை இறால்போல் துள்ளவைக்க முடியாது. எனவே நுனி வளைந்து கொடுக்க வேண்டும், அடிப்பாகம் உறுதியாக நிற்க வேண்டும். பின்னல் நரம்பு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் கயிறு, இழுபடாது என்பதால் வெடுக்கென்று இழுக்கும் வேகத்தைத் தாங்குவதும் கோலின் வேலையே.

கரையிலிருந்து வீச 8 முதல் 8.5 அடி போதும். 3.5 என்று அளவு எண் போட்ட ஜிக் சுமார் 20 கிராம் இருக்கும். கோலில் அச்சிட்டிருக்கும் எடை அளவுக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். கனமில்லாத கோலாக எடுங்கள், நூறு முறை வீசினால் மணிக்கட்டே சொல்லும்.

விறைப்பான கோல்தான் பெரிய கணவாயை இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்முள் இல்லாத கொக்கிக்கு முரட்டு இழுப்பைவிட நரம்பு தளராதிருப்பதே முக்கியம். வளைந்து நிற்கும் கோல்தான் அதைத் தளரவிடாது.