மாசியிலேயே வெயில் கொளுத்துகிறதே?

கேள்வி: மாசி முடியவில்லை, அதற்குள் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் கதி என்ன? (வேலூர் வாசகி)

பதில்: சொல்ல முடியாதும்மா. 2022 மார்ச்சைப் பாருங்கள், 1901-லிருந்து உள்ள கணக்கில் நாட்டின் மிகச் சூடான மார்ச் அதுதான், மழையும் வழக்கமான 30 மி.மீ.க்கு 9 மி.மீ.கூடத் தேறவில்லை. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலில் ஒரு பங்கு அதை ஆவியாக்கவே செலவாகும், இல்லாவிட்டால் அத்தனையும் காற்றைத்தான் சூடாக்கும் (வாசல் தெளித்த இடத்திலும் தெளிக்காத இடத்திலும் வெறுங்காலோடு நின்று பாருங்கள்). வடமேற்கில் ஏப்ரலும் கொதித்தது, மணி முற்றுகிற நேரத்தில் கோதுமை சுருங்கிப்போனது, மே 13-இல் ஏற்றுமதிக்கே தடை.

சரி, 2023? பிப்ரவரி பகல் வெப்பத்திலும் அதே மாதிரி சாதனைதான். ஆனால் மார்ச்சில் பல மாநிலங்களில் ஆலங்கட்டியோடு மழை கொட்டி எல்லாம் மாறிவிட்டது. அதனால் மாசி வெயிலை வைத்து ஜோசியம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பங்குனியில் கோடை மழை எத்தனை நாள் இறங்குகிறது என்று பாருங்கள், அப்புறம் பேசலாம். வடாம் பிழிவதென்றால் இப்போதே பிழிந்துவிடுங்கள்.