பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்தால் மனநிம்மதி கிடைக்குமா?

ஃப்ரீஹேண்ட் ஹையர் கிரேடும் (ஓவியத்துக்கான அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் உயர்நிலை) டி.டி.சி.யும் (தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்) முடித்திருப்பதாகவும், ஊதியம் குறைவானாலும் பள்ளி வேலையில் நிம்மதி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். "உள்ளே நுழைந்துவிடு, பிறகு நிரந்தரமாகிவிடும்" என்று உங்கள் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேரப் பணியிடங்கள் நிரப்பப்பட்டு, வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம் (படிகள் ஏதுமின்றி ஒரே தொகையாகத் தரும் சம்பளம்) என்று நிர்ணயிக்கப்பட்டபோது சேர்ந்தவர்களில் ஓவிய ஆசிரியரான நானும் ஒருவன். அத்தொகை 2021-இல் 10,000 ஆகவும், பின்னர் 12,500 ஆகவும் உயர்ந்தது.

வேலையில் மனநிறைவு இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே தலைகுனிந்துகொள்ளும் ஒரு மாணவி, தான் வரைந்த மண்பானையின் ஒரு பக்கத்தில் நிழலடித்து, விளிம்பை விரலால் தேய்த்து மென்மையாக்கிவிட்டு, "உருண்டையா வந்துடுச்சா சார்?" என்று கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்த ஊதியமும் தந்ததில்லை.

ஆனால் மே மாதத்துக்கு எங்களுக்கு ஊதியம் கிடையாது என்றிருந்ததால், ஒவ்வொரு கோடையிலும் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போவேன். ஒருமுறை மளிகைக்கடை வாசலில் ஏணிமீது நின்று எழுதிக்கொண்டிருந்தபோது, என் மாணவனின் தந்தை அண்ணாந்து பார்த்து, "சார், நீங்களா?" என்றார். உழைப்பில் இழிவில்லை; என்றாலும் அவர் குரலில் இருந்த தயக்கம் என்னைப் பல நாள் வாட்டியது. மார்ச் பிறந்துவிட்டால், அடுத்த கல்வியாண்டிலும் நம்மைத் தொடர விடுவார்களா என்ற எண்ணத்திலேயே தூக்கம் கெட்டுவிடும். வீட்டுக்கடன் கேட்டுப் போன வங்கியிலும், தொகுப்பூதியம் என்ற சொல்லைப் பார்த்ததுமே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"பிடிக்காவிட்டால் விட்டுவிட வேண்டியதுதானே, அரைநாள் வேலைக்கு முழுச் சம்பளமா?" என்று இதைப் படிக்கும் சிலர் கேட்கக்கூடும். நாங்கள் கேட்பது முழுநேர வேலையையும் அதற்குரிய ஊதியத்தையும்தான். அரைநாள் என்று எழுதியிருந்தாலும், ஆண்டுவிழா மேடை அலங்காரம் முதல் அறிவியல் கண்காட்சி அட்டைகள் வரை எங்கள் கையால்தான் முடிகின்றன; அதற்கான சார்ட், வண்ணங்கள் பலவேளை எங்கள் பணத்தில்தான் வாங்கப்படுகின்றன.

ஆகவே, சேர்வதானால் பணியாணையில் தற்காலிகம் என்று குறிப்பிடப்பட்டுள்ள பத்தியை வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். கோடையில் கைகொடுக்கும் தொழிலொன்றைக் கைவிடாதீர்கள். நிரந்தரப் பணியிடத்துக்கான தேர்வு அறிவிப்பு எப்போது வந்தாலும் விண்ணப்பியுங்கள்.