கணுக்காலுக்கு ஒன்பதாயிரம் ரூபாயா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூடைப்பந்து ஷூ பற்றியவை. பள்ளிகளில் அணித் தேர்வு நடக்கிற சமயம் போலிருக்கிறது. மிக்சி, பிரிட்ஜ்காரர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பையன் பத்தாம் வகுப்பு, பள்ளி கூடைப்பந்து அணியில் இருக்கிறான். கணுக்காலை மூடுகிற ஹை டாப் ஷூ வாங்காவிட்டால் கால் பிசகிவிடும் என்கிறார் கடைக்காரர். விலை 9,000 ரூபாய். அதே கம்பெனியின் லோ கட், அதாவது கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிற ஷூ, 5,500. பணம் இடிக்கிறது. ஆனால் கால் அதைவிட முக்கியம் இல்லையா? – ஒரு தாய், கோவை

பதில்: 5,500 ரூபாய் ஷூவையே வாங்குங்கள் அம்மா, அது பையன் காலுக்குச் சரியாகப் பொருந்தினால்.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நினைக்கவில்லை. நம்புவதைத்தான் சொல்கிறார், பல கோச்சுகளும் அதையே நம்புகிறார்கள். 1993-ல் அமெரிக்காவில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். கல்லூரியில் கூடைப்பந்து ஆடும் 622 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஹை டாப், இன்னொன்றுக்குக் காற்றறை வைத்த ஹை டாப், மூன்றாவதற்கு லோ கட் கொடுத்து ஆடவிட்டார்கள். மொத்தம் 15 கணுக்கால் காயங்கள். மூன்று கூட்டத்துக்கும் இடையே சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. 15 என்பது சின்ன எண், அதை வைத்துக்கொண்டு ஹை டாப்பால் துளியும் பலனில்லை என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் கூடுதலாக 3,500 ரூபாய் கேட்கிறவர்தானே பலனைக் காட்ட வேண்டும்?

கால் எப்படிப் பிசகுகிறது என்று பாருங்கள். கூடையில் பட்டுத் திரும்புகிற பந்தை (ரீபவுண்டு) பிடிக்கப் பையன் குதிக்கிறான். இறங்கும்போது இன்னொருவன் பாதத்தின் மேல் மிதிக்கிறான். பாதம் உள்பக்கமாக மடங்க, கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டுக் கிழிகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உடம்பின் மொத்த எடையும் அப்படி ஒரு பக்கமாக இறங்கும்போது, மெத்தென்ற துணிப் பட்டை அதை நிறுத்துமா? சந்தேகமாக இருந்தால் கடையிலேயே அந்த ஷூவின் மேல்பகுதியைக் கையால் பக்கவாட்டில் மடக்கிப் பாருங்கள். கையால் மடக்க முடிந்தால் அறுபது கிலோ பையனாலும் முடியும்.

மிச்சமாகிற பணத்தில் ஒரு பகுதியை எதில் போடலாம் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: போன வருடம் வலது கணுக்கால் இரண்டு தடவை பிசகியது. இந்த முறை 14,000 கொடுத்து டாப் மாடல் ஷூ வாங்கிவிட்டேன். இனி பயமில்லாமல் இறங்கலாமா? – கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்கள் தம்பி. இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி இப்படித்தான், கடை வாசலைத் தாண்டியதும் எழுதப்பட்டவை.

ஆஸ்திரேலியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை மைதானத்திலேயே இருந்து கவனித்து, 2001-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏற்கெனவே கணுக்கால் பிசகியவருக்கு மறுபடி பிசகும் அபாயம், பிசகாதவரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றது அது. உங்களுக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. உங்கள் பிரச்சினை காலுக்கு வெளியே இல்லை. கிழிந்த ஜவ்வு ஆறினாலும், பாதம் சாய்கிறது என்று மூளைக்குத் தகவல் போகிற வேகமும், தசை பிடித்து நிறுத்துகிற வேகமும் பயிற்சி இல்லாமல் திரும்புவதில்லை. அதை எந்த ஷூ பெட்டிக்குள்ளும் வைத்து விற்க முடியாது.

வாங்கக்கூடியது ஒன்று இருக்கிறது: லேஸ் கட்டுகிற கணுக்கால் பிரேஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1,460 உயர்நிலைப் பள்ளி கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்துச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். ஆயிரம் தடவை ஆடவோ பயிற்சிக்கோ இறங்கினால் பிரேஸ் போட்டவர்களுக்கு 0.47 காயம், போடாதவர்களுக்கு 1.41. மூன்றில் ஒரு பங்கு! முன்பு அடிபட்டவர், படாதவர் இரு தரப்பினருக்கும் பலன் தெரிந்தது. ஆனால் பிரேஸையும் மீறி அடிபட்டால் காயத்தின் கடுமை குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடையில் தொங்குகிற, இழுத்தால் நீள்கிற சாக்ஸ் மாதிரியான உறை இது இல்லை. கெட்டித் துணி, முன்னால் லேஸ் இருக்கும். பிரேஸைக் கட்டிக்கொண்டு கால் ஷூவுக்குள் நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் டாப் மாடலுக்குள் நுழையாவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.

இன்னொன்றுக்குக் காசே வேண்டாம். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள், அப்புறம் ஆடுகிற பலகை மேல். அதே விஸ்கான்சினில் கால்பந்து, கூடைப்பந்து ஆடும் 765 மாணவர்களுக்கு இந்த மாதிரி சமநிலைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது கணுக்கால் சுளுக்கு 38 சதவீதம் குறைந்தது. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கட்டணம் 14,000 வராது.

கேள்வி: வளர்கிற பையன். இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு வைக்கலாமா? – விருதுநகர்

பதில்: கூடாது. பள்ளிச் சீருடையை அப்படி வாங்குங்கள்.

கேள்வி: ஹீலில் ஏர் வைத்த ஷூ கால் மூட்டுக்கு நல்லது, அடிபடாமல் காக்கும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். உண்மையா? – பெரம்பூர், சென்னை

பதில்: மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வில் ஹீலில் காற்றறை உள்ள ஷூ போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் அபாயம் 4.3 மடங்கு அதிகமாக இருந்தது. பதறாதீர்கள். அவரவர் போட்டு வந்த ஷூவைக் குறித்துக்கொண்ட ஆய்வு அது, குலுக்கிக் கொடுத்ததல்ல. அதனால் ஏர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் "காக்கும்" என்று சொல்ல அங்கே ஒரு ஆதாரமும் இல்லை.

எனக்கு வெகுநாளாக ஒரு குறை உண்டு, இங்கே கொட்டிவிடுகிறேன். காலில் போடுகிற பொருளை மருந்து மாதிரி விற்கிற வியாபாரம். மருந்துக் கம்பெனி ஒரு மாத்திரைக்கு இன்ன நோய் தீரும் என்று சொல்ல வருடக்கணக்கில் சோதனை நடத்தி அனுமதி வாங்க வேண்டும். ஷூ பெட்டியில் "ஆங்கிள் ப்ரொடெக்ஷன்" (கணுக்கால் பாதுகாப்பு) என்று அச்சடிக்க அச்சகம் இருந்தால் போதும். 2011-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ரீபாக் கம்பெனியைப் பிடித்தது. அவர்களின் ஈசிடோன் ஷூவில் நடந்தால் பின்பக்கத் தசைக்கு 28 சதவீதம் கூடுதல் வலு என்று விளம்பரம். 30 அல்ல, 25 அல்ல, 28! துல்லியமான எண்ணைப் பார்த்தால் யாரோ அளந்திருப்பார்கள் என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த எண்ணுக்குச் சரியான ஆதாரம் இல்லை என்றது ஆணையம். வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர 2.5 கோடி டாலர் கட்டினார்கள். அடுத்த வருடமே ஸ்கெச்சர்ஸ் தன் ஷேப்-அப்ஸ் ஷூ போன்றவற்றுக்காக 4 கோடி டாலருக்கு உடன்பட்டது. இரண்டு கம்பெனியும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, பணத்தை மட்டும் கட்டின. இப்போதும் நன்றாகவே ஷூ விற்கிறார்கள்.

இங்கேயும் சட்டம் இருக்கிறது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் வந்து சிரிக்கிற நட்சத்திரத்துக்கும் அந்த அபராதம் உண்டு. ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தானே? நாம் ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டுப் பரணில் காந்தம் பதித்த பாத அட்டை ஒரு ஜோடி கிடக்கிறது, பொருட்காட்சியில் வாங்கியது. ரத்த ஓட்டம் சீராகும் என்றார்கள். அதன் பக்கத்திலேயே பாதம் பிடித்துவிடுகிற மின்சார இயந்திரம். அது எலியைத்தான் விரட்டுகிறது.

கேள்வி: மகன் லோ கட்தான் வேண்டும், அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரையன்ட் போட்டார் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. – டொரண்டோ, கனடா

பதில்: கோபி 2008 வாக்கில் லோ கட்டுக்கு மாறியது உண்மை. கால்பந்து ஆட்டக்காரர்கள் அதைவிடத் தாழ்ந்த ஷூ போட்டுக்கொண்டு வெட்டித் திரும்பி ஓடுவதைப் பார்த்து அவரே கேட்டு வாங்கியது அது. 2013 மார்ச்சில் அட்லாண்டாவில் அவருக்குக் கணுக்கால் மோசமாகப் பிசகியதும் உண்மை. குதித்து இறங்கும்போது எதிராளியின் கால் கீழே இருந்தது. அப்படி மிதித்தால் எந்த உயர ஷூவும் ஒன்றுதான். மகனிடம் இன்னொரு அமெரிக்க நட்சத்திரமான ஸ்டீபன் கறியின் கதையையும் சொல்லுங்கள். வலது கணுக்காலில் 2011-லும் 2012-லும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அதற்குப் பிறகு பிரேஸ் கட்டிக்கொண்டு ஆடியவர். ஷூ விளம்பரத்தில் பிரேஸ் கண்ணில் படாது, பையன்களும் அதைக் கேட்டு அடம்பிடிப்பதில்லை.

கேள்வி: தெரிந்த பையனிடம் "செவன் ஏ" காப்பி ஷூ 1,800-க்கு வாங்கினேன். ஒரிஜினல் 12,000. மூன்று வாரத்தில் சோல் பிரிந்துவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? – பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பில் இருக்கிறதா? இருக்காது. போலி என்று தெரிந்தே வாங்கிவிட்டு, அது போலியாக இருக்கிறது என்று நீதிபதியிடம் சொல்லப் போகிறீர்களா? செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஒட்டித் தைத்து, நடப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடப் போட வேண்டாம்.

கேள்வி: மகள் மாவட்ட அணிக்குத் தேர்வானாள். போனில் வந்த விளம்பரத்தில் பெரிய கம்பெனி ஷூ 70 சதவீதத் தள்ளுபடி என்று இருந்தது. யுபிஐ-யில் 3,400 ரூபாய் கட்டினேன். பார்சலில் ரப்பர் செருப்பு வந்தது. இணையதளமும் இப்போது திறக்கவில்லை. நான் பெயின்டர் வேலைக்குப் போகிறவன். – மதுரை மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் மேல் தப்பில்லை. அந்த மாதிரி தளங்களை அசல் மாதிரியே செய்கிறார்கள், படித்தவர்களும் விழுகிறார்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் போன பரிவர்த்தனை எண், தேதி, நேரம் கையில் இருக்கட்டும். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். செருப்பையும் பார்சல் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு முக்கியமான விஷயம்: "பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது அவர்களாகவே கூப்பிட்டால் பேச்சே வேண்டாம். ஓடிபி கேட்டால் போனை வையுங்கள். ஏமாந்தவர்களையே தேடி மறுபடி ஏமாற்றுகிற கூட்டம் அது.

மகளுக்கு வாழ்த்து. இப்போதைக்குக் காலுக்குச் சரியான, அடியில் கோடு தேயாத சாதாரண ஷூவே போதும், விலையை நினைத்து மருக வேண்டாம்.

கேள்வி: கடையில் வாங்கி 20 நாளில் ஷூவின் பக்கவாட்டுத் தையல் விட்டுவிட்டது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். – தஞ்சாவூர்

பதில்: பில்லில் திருப்பித் தருவதற்குக் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 சட்டப்படி நியாயமற்ற வியாபாரம். அந்த வரியை அச்சடித்துவிட்டால் சட்டம் ஓடிவிடாது. பத்து நாள் மிச்சமிருக்கிறது, இன்றே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: 8,000 ரூபாய் ஷூ, சிமென்ட் கோர்ட்டில் இரண்டே மாதத்தில் அடி வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. கம்பெனி ஏமாற்றிவிட்டதா? – தூத்துக்குடி

பதில்: இல்லை. மரத்தளத்துக்குச் செய்த மென்மையான ரப்பரை சிமென்ட்டில் தேய்த்திருக்கிறீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் வெளியில் ஆடுகிறோம், கடைக்காரரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. வெளி மைதானத்துக்கு என்று கெட்டி ரப்பர் போட்ட மாடல்கள் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். தேய்ந்ததை ஆடப் போடாதீர்கள். தூத்துக்குடி மணல் கோர்ட்டில் படிந்திருக்கும்போது வழுக்கினால் கணுக்காலோடு முழங்காலும் போகும்.

கேள்வி: கால் பிசகினால் அடிக்க எந்த ஸ்ப்ரே நல்லது? – சேலம்

பதில்: ஸ்ப்ரே அப்புறம். முதலில் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கிற எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் டாக்டர்கள் வகுத்த விதி இது, அவசரப் பிரிவுகளில் இன்றும் புழங்குகிறது. எக்ஸ்ரே பார்க்கும் வரை சுளுக்கு எடுக்கிறவர் கையில் காலைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அண்ணன் போட்டு விட்ட ஷூவைத் தம்பி போடலாமா? நன்றாகத்தான் இருக்கிறது. – கரூர்

பதில்: மேசை மேல் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். ஹீல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வேண்டாம், அண்ணனின் நடை அதில் பதிந்துவிட்டது. நேராக நின்று, அடியில் கோடுகளும் இருந்து, சைஸும் சரியென்றால் தாராளமாகப் போடட்டும். லேஸை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.